சுவிட்சர்லாந்து மலைக் கிராமங்கள் வழியாகக் குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தில் ரயில் அவ்வளவு நன்றாக ஓடும்போது கார் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். இரண்டு பேர் போவதாக இருந்தால் ரயிலிலேயே போங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், 68 வயது அம்மா. ஐந்து பேருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று ரயில் மாறுவதைவிட, பிடித்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, அம்மாவைப் புல்வெளிப் பக்கத்து மரப் பெஞ்சில் உட்காரவைத்து, பையில் இருக்கும் தயிர்சாதத்தைப் பிரிக்கிற சுகம் வேறு. அந்தச் சுகத்துக்காகப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதையொட்டித்தான் வரும்: ஒரு நாளைக்கு ஒரு மலைக் கணவாய், அதற்கு மேல் வேண்டாம். வரைபடத்தில் நாற்பது கிலோமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அது நம் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள், மாட்டு மந்தை, சைக்கிள்காரர்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் "அப்பா, நிறுத்துங்க" என்கிற குரல், எல்லாம் சேர்ந்தால் செயலி காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எப்போது போவது

உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். ஃபுர்கா, கிரிம்ஸல், சுஸ்டன் மூன்றும் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும், அக்டோபர் வாக்கில் பனி விழத் தொடங்கினால் மூடிவிடும். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் பலர் அப்போதே டிக்கெட் போட்டுவிட்டு, அங்கே போய் அடிவாரத்துப் பலகையில் மூடப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் திரும்புகிறார்கள். மே மாதம்தான் முடியும் என்றால் கணவாய்களை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குகளை மட்டும் வைத்துத் திட்டம் போடுங்கள், அருவிகளில் அப்போது தண்ணீரும் நிறைய இருக்கும். ஜூன் பிற்பாதியும் செப்டம்பரும் என் தேர்வு. செப்டம்பரில் மேய்ச்சல் முடிந்து மாடுகளுக்குப் பூச்சூட்டி மலையிலிருந்து கீழே ஓட்டி வருவார்கள். ஊர்வலம் சாலையில் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், அந்தப் பெரிய மணிகளின் சத்தத்துக்குக் குழந்தைகள் அப்படியே வாயைப் பிளந்து நிற்பார்கள்.

காகிதங்கள்

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி பதினைந்து நாள் முன்பு, ஆனால் கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்குவதாக இருக்க வேண்டும், மலைக்குப் போகிறோம் என்பதால் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வாடகைக் கார் கவுண்டரில் இருப்பவர் கேட்டால் அந்த வாதமெல்லாம் எடுபடாது, ஒரு வருடம் செல்லும் அந்தச் சின்னப் புத்தகம் கையில் இருந்தால் பேச்சே இல்லை.

காரை எடுக்கும்போது

ஐரோப்பாவில் கியர் மாற்றும் வண்டிதான் மலிவாகக் கிடைக்கும். இடது பக்க ஸ்டியரிங், வலது கையில் கியர், வலது பக்க ஓட்டம், அதோடு கொண்டை ஊசி வளைவு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக நினைக்காதீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள். முன்பதிவில் "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தும் எங்களுக்குக் கியர் வண்டியின் சாவியைத்தான் நீட்டினார்கள். முன்பதிவுத் தாளை அச்செடுத்து வைத்திருந்ததால் முக்கால் மணி நேரம் நின்று மாற்றி வாங்கினேன். தாள் கையில் இருக்கட்டும்.

முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. முன்பணமாக ஒரு பெரிய தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள் என்பதால் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் விஷயத்தில் விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம். ஐந்து பேர் உட்காரும் வண்டியின் டிக்கியில் ஐந்து பெரிய பெட்டி போகாது, ஸ்டேஷன் வேகன் வகை எடுங்கள், உயரமான எஸ்.யூ.வி.யைவிட அதில்தான் அதிகம் கொள்ளும், வளைவுகளில் ஆட்டமும் குறைவு.

பன்னிரண்டு வயதுக்குக் கீழேயும் 150 செ.மீ. உயரத்துக்குக் கீழேயும் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பெரிய பிள்ளைக்கு மேடை மாதிரியான பூஸ்டர் போதும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஐரோப்பியத் தர முத்திரை, அதாவது ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற எண், அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மடியில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே அங்கே கிடையாது.

நெடுஞ்சாலையில் ஓட்ட வருடாந்திரச் சுங்க வில்லை (விக்னெட், சுங்கம் கட்டியதற்கான சீட்டு) வேண்டும், விலை 40 பிராங்க். சூரிச்சில் எடுக்கும் வண்டியில் அது ஏற்கெனவே இருக்கும். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ எடுத்து எல்லை தாண்டி வந்தால் இருக்காது, எல்லையிலோ இணையத்திலோ நீங்களே வாங்க வேண்டும். இல்லாமல் மாட்டினால் 200 பிராங்க் அபராதம், அதன் பிறகு வில்லையும் வாங்க வேண்டும்.

கவுண்டரிலிருந்து கிளம்புமுன் வண்டியை நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். எச்சரிக்கை முக்கோணம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, நீல நிறப் பார்க்கிங் அட்டை கண்ணாடிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எரிபொருள் மூடியின் உள்பக்கம் பெட்ரோலா டீசலா என்று எழுதியிருப்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பங்கில் நீங்களேதான் நிரப்ப வேண்டும்.

அப்புறம், விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கு மலை ஏறாதீர்கள். சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அங்கே முதல் இரவு தங்குங்கள். ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் தூங்கி எழுந்தால் மறுநாள் கை கால் சொன்னபடி கேட்கும்.

சாலையில்

வலது பக்க ஓட்டம் அரை நாளில் பழகிவிடும். தப்பு நடப்பது நெரிசலில் இல்லை, காலியான கிராமச் சாலையில்தான், அதிலும் காலையில் தங்குமிடத்திலிருந்து வெளியே எடுக்கும்போது கை தானாக இடது பக்கம் போகும். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை, தினமும் கிளம்பும்போது "வலது, வலது, வலது" என்று மூன்று முறை சொல்வாள். உண்மையாகவே உதவியது.

நகர, கிராம எல்லைக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. இவை மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். ஊருக்குள் 5 கி.மீ. வரை கூடினால் 40 பிராங்க், பத்து வரை 120, பதினைந்து வரை 250. கேமராக்கள் நிறைய, விட்டுக்கொடுப்பது கிடையாது. வேகக் கேமராவை முன்கூட்டி எச்சரிக்கும் வசதியைச் செல்பேசியில் வைத்திருப்பதே அங்கே சட்டவிரோதம், வழிகாட்டும் செயலியில் அதை அணைத்துவிடுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பச்சைப் பலகை நெடுஞ்சாலை, நீலப் பலகை முக்கியச் சாலை. வெள்ளைப் பலகை சின்னச் சாலைக்கு, நமக்குப் பிடித்தது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பலகையே இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்துதானே என்று நினைக்காதீர்கள், அவர் வேகம் குறைக்காமலே வருவார், ஏனென்றால் நீங்கள் நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்கு முன்னுரிமை. பாதசாரிக் கடவையில் ஒருவர் காலெடுத்து வைக்கத் தயாராக நின்றாலே நிறுத்திவிடுங்கள், நம்மூர்ப் பழக்கத்தில் ஒலிப்பானைத் தொட்டுவிடாதீர்கள்.

மலைச் சாலைக்குத் தனி விதிகள் உண்டு. குறுகலான சரிவில் எதிரெதிரே வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும், இறங்குகிறவர்தான் நின்று, தேவைப்பட்டால் பின்னால் எடுக்க வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு படம் போட்டிருந்தால் அது அஞ்சல் பேருந்து ஓடும் மலைப்பாதை. அங்கே மஞ்சள் பேருந்துக்குத்தான் முதல் உரிமை, அதன் ஓட்டுநர் கையைக் காட்டி எங்கே ஒதுங்கச் சொல்கிறாரோ அங்கே ஒதுங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன் அவர் மூன்று ஸ்வரத்தில் ஒலி எழுப்புவார். அது கேட்டதும் வண்டியை அகலமான இடத்தில் நிறுத்திவிடுங்கள், வளைவுக்குள் நுழையாதீர்கள்.

வெர்ஸாம் பக்கம் ரைன் பள்ளத்தாக்கின் மேலே, பாறையைக் குடைந்து போட்ட ஒற்றைச் சாலையில், அந்த ஒலியை நான் இரண்டு விநாடி தாமதமாகப் புரிந்துகொண்டேன். முன்னால் பேருந்தின் அகன்ற மஞ்சள் நெற்றி, வலது பக்கம் கம்பித் தடுப்பு, அதற்கு அப்பால் வெறும் காற்று, பின்னால் இன்னொரு கார். ஓட்டுநர் கோபப்படவே இல்லை, விரலால் மெதுவாக வட்டம் போட்டுக் காட்டினார், பின்னால் இருந்தவரும் புரிந்துகொண்டு முதலில் பின்னால் போனார், நானும் நாற்பது மீட்டர் நத்தை மாதிரி ஊர்ந்து ஒரு ஒதுங்கிடத்தில் நுழைந்தேன். கடந்து போகும்போது அவர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். அம்மா அதுவரை முருகா முருகா என்றுதான் இருந்தார்கள். பதறாமல் நின்று ஓட்டுநரைப் பார்த்தால் போதும், அவர்களுக்கு அந்தச் சாலையின் ஒவ்வொரு அடியும் தெரியும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கையால் கியர் மாற்றும் நிலை இருக்கும், அதில் இரண்டாவது மூன்றாவது கியரில் வைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன் மட்டும் அழுத்தி மிதித்து விடுங்கள். கருகின வாசனை வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் இருபது நிமிடம் நிறுத்துங்கள், தண்ணீர் கிண்ணீர் ஊற்ற வேண்டாம். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் சங்கடப்பட வேண்டாம், ஒதுங்கி வழி விடுங்கள், அவர் வேலைக்குப் போகிறவர்.

வயிற்றுப் புரட்டல்

இதைச் சொல்லாமல் யாரும் மலைப்பயணக் குறிப்பு எழுதக்கூடாது. எங்கள் மகனுக்கு முதல் கணவாயிலேயே வந்துவிட்டது. பிறகு நாங்கள் பழகிக்கொண்டது இது: ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவது, அதுவும் பாலும் சாக்லேட்டும் இல்லாமல். செல்பேசியும் புத்தகமும் மலையில் கிடையாது. சின்னவனைப் பின் இருக்கையின் நடுவில், சாலை நேராகத் தெரியும் இடத்தில் வைப்பது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒருமுறை இறங்கி நடப்பது. காது அடைத்தால் வாய் வாயாகத் தண்ணீர். மருந்து கொடுப்பதாக இருந்தால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளிப் வைத்த பிளாஸ்டிக் பைகள் ஆறு, ஒரு மாற்றுச் சட்டை, ஈரத் துணி, இவை டிக்கியில் இல்லாமல் கால்மாட்டில் இருக்கட்டும்.

பாதை: நாங்கள் போனது, இப்போது கேட்டாலும் சொல்வது

லூசெர்னிலிருந்து புரூனிக் கணவாய் வழியாக பிரியன்ஸ். 1,008 மீட்டர்தான், முதல் மலைக்கு நல்ல பள்ளிக்கூடம். வழியில் லுங்கெர்ன் ஏரியை மேலிருந்து பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிரியன்ஸுக்குப் பக்கத்தில் பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம், நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, சுமார் நூறு கட்டடங்களாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டால், அடுத்த பத்து நாள் பார்க்கும் ஒவ்வொரு மரவீடும் எந்த ஊர்ப் பாணி என்று பிள்ளைகளே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும்.

அங்கிருந்து லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் மூன்று இரவு. ஸ்டவுப்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து ஊருக்கு நேர் பின்னால் விழுகிறது, சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம். டிரூம்மெல்பாக் என்பது மலைக்கு உள்ளே குடைந்து விழும் பனியாற்று அருவிகள், நான்கு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, உள்ளே நனையும், குளிரும். வெங்கன், மூர்ரன் இரண்டு கிராமங்களிலும் கார் கிடையாது, வண்டியைக் கீழே விட்டுவிட்டு ரயிலிலோ கேபிள் காரிலோதான் ஏற வேண்டும். யுங்ஃபிராவ்யோக் போவதா என்று எல்லோரும் கேட்பார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் அது, போய்வரச் சலுகை இல்லாமல் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். அம்மாவுக்கு அந்த உயரம் வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டு மூர்ரனில் ஒரு முழு நாள் இருந்தோம். ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்று மூன்று சிகரங்களும் எதிரே உட்கார்ந்திருக்க, மகன் புல்லில் உருண்டுகொண்டிருந்தான். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நான்காம் நாள் கிரிம்ஸல், 2,164 மீட்டர். மைரிங்கனைத் தாண்டியதும் காடு மெல்லக் கழன்று வெறும் கருங்கல்லாகும், அணைகளின் பச்சைச் சாம்பல் நிறத் தண்ணீர் அடுத்தடுத்து வரும். இறங்கினால் கிளெட்ஷ், அங்கிருந்து வலது பக்கம் கோம்ஸ் பள்ளத்தாக்கு. இரண்டு இரவு அங்கே இருங்கள். எர்னன் மாதிரியான ஊர்களில் வெயில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன லார்ச் மரக் களஞ்சியங்கள் குட்டைக் கால்களில் நிற்கும், ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே இட்லித் தட்டு அகலத்தில், சில இடங்களில் அதைவிடப் பெரிதாக, ஒரு தட்டைக் கல். எலி காலில் ஏறும், கல்லின் அடியில் தலைகீழாக நடக்க முடியாது, தானியம் தப்பித்தது. மகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவள் அதைத்தான் இன்றைக்கும் சொல்கிறாள். ஃபீஷ் ஊரிலிருந்து கேபிள் காரில் எக்கிஸ்ஹோர்ன் ஏறினால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறு, ஆலெட்ஷ், முழுசாகக் காலடியில் வளைந்து கிடக்கும். காலை முதல் வண்டியில் போங்கள், பதினொரு மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும்.

மாட்டர்ஹோர்ன் சிகரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ட்ஸெர்மாட்டுக்குள் கார் போகாது, டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிட ரயில். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், கணவாய் நாளோடு சேர்க்காதீர்கள்.

ஆறாம் நாள் ஃபுர்கா, 2,429 மீட்டர். இதுதான் பயணத்தின் உச்சி. மேலே மூடிக் கிடக்கும் பெல்வெடர் ஹோட்டல் வளைவின் பக்கத்தில் ரோன் பனியாறு இருக்கிறது, அதன் ஒரு பகுதி கோடையில் உருகாமல் இருக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பனியாற்றுக்குப் போர்வையா என்று மகன் கேட்டான், பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றிரவு ஆண்டர்மாட். மறுநாள் காலை ஓபெரால்ப், 2,044 மீட்டர், அங்கே மலை உச்சியில் ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கும். கடலே இல்லாத நாட்டில் அது எதற்கு என்றால், ரைன் நதி அந்தப் பக்கத்தில்தான் பிறக்கிறது, நெதர்லாந்தில் அது கடலில் சேரும் இடத்தில் இருந்த விளக்கின் நகல் இது. முந்தைய நாள் பார்த்த பனியாற்றில் பிறக்கும் ரோன் நதி மத்தியதரைக் கடலுக்குப் போகிறது, இது வட கடலுக்கு. இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஒரு இரவு தூங்கியிருக்கிறீர்கள்.

இறங்கினால் டிஸென்டிஸ், ரோமன்ஷ் மொழி பேசும் ஊர்கள், அப்புறம் ஃபிளிம்ஸ். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையே சரிந்து ரைனை அடைத்தது, நதி அதை அறுத்துக்கொண்டு போனதுதான் அந்த வெள்ளைப் பாறைப் பள்ளத்தாக்கு. இரண்டு இரவு இருந்து, குவுர் வழியாக நெடுஞ்சாலையில் சூரிச் திரும்பிவிடலாம்.

கணவாய் திடீரென்று மூடிவிட்டால் பயப்பட வேண்டாம், காரையே ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம். கிரிம்ஸலுக்குப் பதில் கண்டெர்ஷ்டெக் முதல் கோப்பென்ஷ்டைன் வரை, ஃபுர்காவுக்குப் பதில் ஓபர்வால்ட் முதல் ரேயால்ப் வரை. வரிசையில் நின்று, ஓட்டிக்கொண்டே ரயில் மேடையில் ஏறி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டுச் சுரங்கத்தில் கால் மணி நேரம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

நிறுத்துவதும் சாப்பிடுவதும்

அந்த நீல அட்டை. நீலக் கோடு போட்ட இடத்தில் காசு இல்லாமல் ஒரு மணி நேரம் நிறுத்தலாம், ஆனால் அட்டையில் வந்த நேரத்துக்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் அம்பை வைக்க வேண்டும். 10.10க்கு வந்தால் 10.30, அங்கிருந்து ஒரு மணி நேரம், ஆக 11.30 வரை. கண்ணாடிக்கு உள்ளே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள். வெள்ளைக் கோடு என்றால் பெரும்பாலும் இயந்திரத்தில் காசு, மஞ்சள் என்றால் தனியார் இடம், தொடாதீர்கள். சில இயந்திரங்கள் வண்டி எண்ணைக் கேட்கும், எண் பலகையைப் படம் எடுத்து வைத்தால் மழையில் ஓட வேண்டாம்.

தங்குவதற்கு ஹோட்டலைவிடச் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடுதான் குடும்பத்துக்குச் சரி. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கோப், மிக்ரோஸ் கடைகளில் கிடைக்கும். சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் நீங்கள் கொண்டுபோங்கள். நாட்டில் ஈழத்தமிழர்கள் நிறைய இருப்பதால் சூரிச், பெர்ன் பக்கம் தமிழ்க் கடைகளும் கோயில்களும் உண்டு, மலைக்குள் கிடையாது என்பதால் போகும்போதே வாங்கி வையுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலையே சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், எங்கள் முதல் ஞாயிறு பெட்ரோல் பங்குக் கடை ரொட்டியில்தான் கழிந்தது. ஊர் நடுவில் இருக்கும் மரத்தொட்டி, கல்தொட்டி நீரூற்றுகளில் குடிக்கக்கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் தாராளமாகப் பிடித்துக் குடிக்கலாம், தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பண்ணை வீட்டு வாசலில் சின்ன அலமாரி இருக்கும், உள்ளே முட்டை, பாலாடைக்கட்டி, ஜாம், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஆள் இருக்க மாட்டார்கள். விலைச் சீட்டைப் பார்த்துக் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே சில்லறை பிராங்க் வைத்திருங்கள், காசை எண்ணிப் போடுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

தங்குமிடத்தில் விருந்தினர் அட்டை தருவார்களா என்று கேளுங்கள், பல ஊர்களில் உள்ளூர்ப் பேருந்து அதில் இலவசம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, கிளம்பும்போது குப்பையைப் பிரித்துப் போட வேண்டும்.

அவசர எண்கள்: எதற்கும் 112, ஆம்புலன்ஸ் 144, காவல்துறை 117, மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414. முன் கண்ணாடிக்குக் கீழே எழுதி ஒட்டிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே சூரிச் பக்கம் வந்துவிடுங்கள், குவுரிலிருந்து வரும் சாலை ஞாயிறு மாலையில் நெரியும். விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே எரிபொருள் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் நான்கு பக்கமும் வீடியோ, இந்த முறை கிலோமீட்டர் அளவையும் எரிபொருள் முள்ளையும் சேர்த்து. வேக அபராதம் ஏதாவது இருந்தால் சில வாரம் கழித்துத்தான் தபாலில் வரும், வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தையும் கார்டில் எடுக்கும், அதனால் அந்தக் கார்டை உடனே மூடிவிடாதீர்கள். இருக்கைகளுக்கு அடியில் கையை விட்டுத் தேடுங்கள். எங்களுக்கு ஒரு பொம்மை ஆடு, மூன்று கூழாங்கல், எர்னனில் வாங்கிய ரொட்டியில் பாதி கிடைத்தது. நீல அட்டையை மட்டும் கண்ணாடிப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள், அது வண்டியுடையது.